உப்பளத்து வெயிலில் ரா எடுப்பதா, ஜேபெக் எடுப்பதா?

புதிதாக கேமரா வாங்கியவர்கள் மெனுவுக்குள் நுழைந்தால் ‘இமேஜ் குவாலிட்டி’ என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஜேபெக் ஃபைன், ஜேபெக் நார்மல், ரா, ரா பிளஸ் ஜேபெக் என்று வரிசையாக இருக்கும். கடையில் எதில் வைத்துக் கொடுத்தார்களோ அதிலேயே வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் உண்டு. ‘ரா எடுக்கிறவன்தான் போட்டோகிராபர்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு அன்றைக்கே மாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து ஃபைல் திறக்காமல் முழிக்கிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் இதை உசத்தி, மட்டம் என்று பார்க்கிறது. உண்மையில் கேமரா எடுப்பது ஒரே படத்தைத்தான். அதை எந்தக் கட்டத்தில் நிறுத்தி நாம் கையில் வாங்கிக்கொள்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

ராமநாதபுரம் கரையில் படம் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும். காரணம் இங்கே அடிக்கும் வெளிச்சம். வாலிநோக்கம் உப்பளத்தில் காலை பத்து மணிக்கு மேல் கேமராவோடு நின்றவர்களுக்கு இது தெரியும். பாத்தியோரம் குவித்து வைத்த உப்பு கண்ணைக் கூச வைக்கும். அதை வாரிக் கூடையில் போடுகிற பெண்ணின் முகமோ தலையில் போட்ட துண்டின் நிழலுக்குள் இருக்கும். நம் கண் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுகிறது. கேமராவால் அது முடியாது. முகம் தெரியும்படி எடுத்தால் உப்புக் குவியல் வெறும் வெள்ளைப் பேப்பர். உப்பின் கல்லும் பொடியும் தெரியும்படி எடுத்தால் முகம் இருட்டு. தனுஷ்கோடி மணலிலும், மண்டபத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த நாட்டுப்படகு கரையேறிக் கிடக்கும் இடத்திலும், பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் தண்ணீரிலிருந்து எழும்பும்போதும் இதே பாடுதான். தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்வெளியில், மேகம் மூடிய நாளில் எடுக்கிறவருக்கு இரண்டு ஃபார்மட்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாமலே போகலாம். இங்கே பளிச்சென்று தெரியும்.

பொத்தானை அழுத்தியதும்

கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் கோடிக்கணக்கான சின்னச் சின்ன ஒளி உணரும் புள்ளிகள் இருக்கின்றன. 24 மெகாபிக்சல் என்றால் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். இவற்றுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும் தெரியும். நிறத்தைப் பிடிக்க ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே ஒரு குட்டி வண்ணக் கண்ணாடி ஒட்டியிருப்பார்கள். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் இந்த அமைப்புக்கு 1976இல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்கள் அவர் வழியில்தான் போகின்றன.

ஷட்டர் திறந்து மூடியதும் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு எண்ணைத் தரும். சிவப்புக் கண்ணாடி உள்ள புள்ளி சிவப்பின் அளவை மட்டும் சொல்லும். பக்கத்துப் புள்ளி பச்சையை மட்டும். இப்படிக் கிடைத்த எண்களின் மூட்டைதான் ரா ஃபைல். கூடவே ஒரு குறிப்பும் இருக்கும்: என்ன லென்ஸ், என்ன ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறனின் அளவு), எத்தனை மணி, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே வரும்படி நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) எதில் வைத்திருந்தார்கள். இந்தக் கட்டத்தில் அது இன்னும் படமாக ஆகவில்லை. அதனால்தான் சாதாரணமாகப் படம் பார்க்கும் ஆப்பில் பல நேரம் திறப்பதில்லை. கேனானில் சிஆர்3, நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வகை வைத்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அடோபி 2004இல் டிஎன்ஜி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது.

அடுத்த கட்ட வேலையை கேமராவே செய்தால் கிடைப்பது ஜேபெக். உள்ளே இருக்கும் சிப், ஒயிட் பேலன்ஸ் கணக்குப் போட்டு சிவப்பையும் நீலத்தையும் கூட்டும். பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, இல்லாத இரண்டு நிறங்களையும் ஊகித்து நிரப்பும். கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு) ஏற்றும், நிறத்தைத் தூக்கும், ஓரங்களைக் கூர்மையாக்கும், நாய்ஸை (பொரிப்பொரியாகத் தெரியும் புள்ளிகளை) தேய்த்து எடுக்கும். கடைசியாகச் சுருக்கி ஒரு ஃபைலாகக் கார்டில் எழுதிவிட்டு, முதலில் வந்த எண்களைத் தூக்கிப் போட்டுவிடும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆக, ஜேபெக் எடுத்தாலும் ரா உருவாகத்தான் செய்கிறது. நமக்குக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, கேமராவின் பின்திரை பற்றியது. ரா மட்டும் எடுத்தாலும் பின்னால் திரையில் நாம் பார்ப்பது ராவை அல்ல. அதற்குள் ஒட்டி வைத்திருக்கும் ஒரு சின்ன ஜேபெக்கைத்தான். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும், வெள்ளை எரிந்துபோன இடத்தில் மினுக் மினுக்கென்று காட்டும் எச்சரிக்கையும் அந்தச் சின்ன ஜேபெக்கை வைத்துப் போட்ட கணக்கே. திரையில் உப்புக் குவியல் லேசாக மினுக்கியது என்பதற்காக ரா எடுக்கிறவர் உடனே பதற வேண்டியதில்லை.

சுருக்குவதால் கெடுகிறதா?

ஜேபெக்கைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்லும் குறை, ‘அமுக்கிச் சுருக்குகிறது, தரம் போய்விடும்’ என்பது. என் கணக்கில் இது பாதி உண்மைகூட இல்லை.

ஜேபெக் தரநிலை 1992இல் வந்தது. அதன் அடிப்படைக் கணக்கு அதற்கும் முந்தையது: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூன்று பேர் சேர்ந்து 1974இல் வெளியிட்டது. படத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய ஏற்ற இறக்கம் எது, நுணுக்கமான ஏற்ற இறக்கம் எது என்று பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் குறைத்து எழுதும் முறை அது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அந்த அளவுக்குப் பார்க்காது. அதனால் நிறத் தகவலைக் கூடுதலாகவே குறைப்பார்கள்.

ஃபைன் என்ற அளவில் எடுத்த முதல் ஜேபெக்கில் இந்த இழப்பைக் கண்டுபிடிக்க மிகவும் மெனக்கெட வேண்டும். காய வைத்த நைலான் வலை ஒன்றை வானத்தை நோக்கி எடுத்து, வலைக்கண்ணியின் ஓரத்தைத் திரையில் நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், நூலைச் சுற்றி லேசாக ஒரு அழுக்கு படிந்த மாதிரி தெரியலாம். ஆல்பம் போட்டாலும், சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரின்ட் போட்டாலும் அது தெரியாது. அதே ஃபைலைத் திறந்து கொஞ்சம் திருத்தி சேவ் செய்து, மறுபடி திறந்து திருத்தி சேவ் செய்து என்று போனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். அதற்கு மருந்து எளிது. ஒரிஜினலைத் தொடாமல் காப்பியில் வேலை செய்தால் போதும்.

உண்மையான இழப்பு சுருக்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஜேபெக் 8 பிட். ஒரு நிறத்துக்கு 256 படிகள். முழு இருட்டு 0, முழு வெளிச்சம் 255. ரா பெரும்பாலும் 12 பிட் அல்லது 14 பிட். 12 பிட் என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384. எண் பெரிது, அதனால் நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். திரையில் பார்ப்பதற்கு 256 படியே தாராளம். படத்தை இழுத்துத் திருத்தும்போதுதான் மீதிப் படிகளுக்கு வேலை.

வாலிநோக்கம் பெண்ணுக்கே திரும்பலாம். போட்டோகிராபியில் வெளிச்சத்தை ஸ்டாப் என்ற அளவால் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி. உப்புக் குவியல் எரியாமல் இருக்கும்படி எடுத்தோம், முகம் அதிலிருந்து ஆறாவது ஸ்டாப்பில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். 14 பிட் ராவில் மேலே உள்ள முதல் ஸ்டாப்புக்கே 8,192 படிகள் போய்விடும். அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்து 2,048, பிறகு 1,024, 512, ஆறாவதற்கு 256. அதாவது அந்தப் பெண்ணின் முகத்துக்கு மட்டும் ராவில் 256 படிகள் மிச்சம் இருக்கின்றன. ஒரு ஜேபெக் முழுப் படத்துக்கும் வைத்திருக்கும் அளவு அது. ஜேபெக்கில் அதே ஆறாவது ஸ்டாப்புக்கு வழக்கமான கணக்கில் 16 படிதான் கிடைக்கும். ‘விவிட்’ மாதிரி கான்ட்ராஸ்ட் கூடின பாணியில் வைத்திருந்தால் இன்னும் குறையும்.

இப்போது இரண்டையும் கம்ப்யூட்டரில் திறந்து நிழலைத் தூக்கிப் பாருங்கள். ராவில் கன்னத்து மேட்டிலிருந்து தாடை நிழல் வரை தோலின் நிறம் வழுக்கிக்கொண்டு இறங்கும். கண்ணோரச் சுருக்கத்தில் ஒட்டிய உப்புத் தூள்கூடத் தெரியும். ஜேபெக்கில் 16 படியை இழுத்து நீட்டும்போது இடையில் நிரப்ப ஒன்றும் இருக்காது. தோல் பட்டை பட்டையாகப் பிரியும், பச்சையோ ஊதாவோ அடிக்கும். அதோடு கேமரா நாய்ஸைத் தேய்த்தபோது தோலின் நுணுக்கத்தையும் சேர்த்தே தேய்த்திருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவர வழி இல்லை.

ஐஎஸ்ஓ 100, 200 என்று இருக்கும்போதுதான் ராவின் இந்தத் தாராளம் முழுதாகக் கிடைக்கும். ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த ராவின் நிழலைத் தூக்கினால் நாய்ஸும் சேர்ந்தே எழும்பி வரும்.

ரா காப்பாற்றாத இடங்கள்

‘ரா எடுத்தா எப்படி எடுத்தாலும் சரி பண்ணிக்கலாம்ணே’ என்று இளவட்டங்கள் சொல்வதைக் கேட்கிறேன். அது நடக்காது. சென்சார் புள்ளி ஒன்று நிரம்பி வழிந்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் ஒரே எண்தான் பதியும். உப்புக் குவியலில் பாதி அப்படி ஆகிவிட்டால் தலைகீழாக நின்றாலும் அந்த உப்பின் கல் திரும்ப வராது. கேமராவின் ஜேபெக் கணக்கு சென்சார் நிரம்புவதற்குச் சற்று முன்பே ‘இது வெள்ளை’ என்று முடிவு கட்டிவிடும் என்பதால், ராவில் பெரும்பாலும் அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை மேலே இடம் இருக்கும். அதை நம்பலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது. இருட்டை வெளுக்கலாம், எரிந்த வெள்ளையை மீட்க முடியாது. சந்தேகம் வந்தால் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள்.

இதில் ஒரு சுவையான விலக்கு இருக்கிறது. அரிச்சல்முனையில் சூரியன் எழும்பும் நேரம் எடுத்த ஜேபெக் படங்களில், சூரியனைச் சுற்றிய வானம் ஒரே மஞ்சள் அப்பலாக, படி எதுவும் இல்லாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எரிந்தது சிவப்பு மட்டும். பகல் வெளிச்சத்தில் சென்சாருக்குப் பச்சை அதிகமாகக் கிடைக்கும், சிவப்பு குறைவாகக் கிடைக்கும். அதை ஈடுகட்ட ஜேபெக் தயாராகும்போது சிவப்பு எண்ணைப் பெருக்குவார்கள். பல கேமராக்களில் இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வானமே சிவந்து கிடக்கும் நேரத்தில் அதையும் பெருக்கினால் 255இல் போய் முட்டும். ரா ஃபைலில் பெருக்குவதற்கு முந்தைய எண் அப்படியே இருப்பதால், திரையில் எரிந்ததாகத் தெரிந்த அந்தச் சிவப்பு, உள்ளே பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். விடிகாலை வானத்துக்கு மட்டுமாவது ராவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

மற்றபடி ஃபோகஸ் தப்பியதை ரா சரிசெய்யாது. கை ஆடியதைச் சரிசெய்யாது. உப்புத் தண்ணீர் தெறித்து லென்ஸில் படிந்த மங்கலையும் சரிசெய்யாது. தனுஷ்கோடியில் பூநாரைகள் வந்திறங்கும் காலத்தில் (2025இல் அந்த இடத்தை அரசு பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டது) நடுப்பகலில் தூரத்திலிருந்து பெரிய லென்ஸ் போட்டு எடுத்துவிட்டு, ‘ராவில் எடுத்தும் கூர்மை இல்லையே’ என்று வருத்தப்படுவார்கள். இடையில் கானல் ஆடும்போது எந்த ஃபார்மட்டும் ஒன்றும் செய்யாது. காலை எட்டு மணிக்குள் போவதுதான் வழி.

உப்பளத்தில் இன்னொரு சங்கடமும் வரும். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க உப்பு இருந்தால், ‘இவ்வளவு வெளிச்சமா’ என்று மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். உப்பு சிமென்ட் நிறத்தில் வரும். மீட்டர் சொன்னதைவிட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் ஒன்றுக்குத் தள்ளினால் சரியாகும். ரா எடுத்திருந்தால் பிறகு தூக்கிக்கொள்ளலாம். ஜேபெக் என்றால் அங்கேயே பார்த்துச் சரிசெய்துவிடுவது நல்லது.

நிறத்தின் கதை

ஏர்வாடி சந்தனக்கூடு ஊர்வலத்தில் கலர் சீரியல் லைட், தெருவிளக்கு, பெட்டிக்கடை எல்இடி எல்லாம் கலந்து அடிக்கும். கீழக்கரைக் கல்யாண வீட்டில் வாசலில் மஞ்சள் பல்ப், உள்ளே வெள்ளை டியூப், வீடியோக்காரர் கையில் இன்னொரு லைட். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இந்த மாதிரி இடத்தில் ஒரு படத்துக்கு ஒரு நிறம் காட்டும். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை ஒன்றில் நீலமாகவும் அடுத்ததில் மஞ்சளாகவும் வரும்.

ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது வெறும் குறிப்பு. வீட்டுக்கு வந்து சட்டையின் மேல் ஒரு கிளிக் செய்தால் அத்தனை படமும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். எந்த இழப்பும் கிடையாது. ஜேபெக்கில் அது ஏற்கெனவே கணக்குப் போட்டு முடிந்த விஷயம். கொஞ்சம் இழுக்கலாம், நிறைய இழுத்தால் தோல் நிறம் செத்துப்போகும். ஆனாலும் ஒரு முகத்தின் வலப்பக்கம் மஞ்சளும் இடப்பக்கம் நீலமும் விழுந்திருந்தால் ராவிலும் ஒரு கிளிக்கில் தீராது. பகுதி பகுதியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

அதே கல்யாண வீட்டில் இதுவும் நடக்கும். “தம்பி, ராத்திரிக்குள்ள நாலு படம் அனுப்பிவுட்டுருங்க. துபாய்ல மச்சான் பாக்கணும்னு சொல்றாக.” “அனுப்பிர்றேன் காக்கா.” (காக்கா என்றால் இங்கே அண்ணன்.) ரா மட்டும் எடுத்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். ரா பிளஸ் ஜேபெக்கில் வைத்திருப்பவர் ஜேபெக்கை போனுக்கு மாற்றி அங்கிருந்தே அனுப்பிவிட்டு, ஆல்பத்துக்கு ராவை ஆற அமரத் திருத்திக்கொள்வார்.

ஜேபெக்கே போதும் என்று நான் சொல்லும் இடங்கள்

செய்திக்கு எடுக்கிறவர்கள். ராமேசுவரத்தில் படகு கரைக்கு வந்த பத்தாவது நிமிடம் படம் பத்திரிகை ஆபீசில் இருக்க வேண்டும். ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2015 நவம்பரில், வெளியிலிருந்து படம் தரும் போட்டோகிராபர்கள் ராவிலிருந்து திருத்தி எடுத்த படத்தை அனுப்ப வேண்டாம், கேமராவிலேயே உருவான ஜேபெக்கைத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டது. வேகம் ஒரு காரணம். கண்டபடி திருத்தி உண்மையை மாற்றிவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். இயற்கை, வனவிலங்குப் போட்டிகளில் நிலைமை நேரெதிர். இறுதிச் சுற்றுக்கு வந்தவரிடம், படத்தில் கைவரிசை காட்டவில்லை என்று சரிபார்க்க ரா ஃபைலைக் கேட்பது வழக்கம்.

தொடர்ந்து படபடவென்று எடுக்க வேண்டிய இடங்களிலும் ஜேபெக் கைகொடுக்கும். பூநாரைக் கூட்டம் எழும்பும் அந்த நேரத்தில், தொடக்கநிலை கேமரா ராவில் சில நொடி சுட்டுவிட்டு ‘பிஸி’ என்று நின்றுவிடும். உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகம் நிரம்பி, கார்டுக்கு எழுதி முடிக்கும் வரை ஷட்டர் அசையாது. ஜேபெக்கில் அதே கேமரா இன்னும் நீண்ட நேரம் ஓடும். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தில் ரயில் வரும்போது ரோட்டுப் பாலத்தில் நின்று எடுக்கிறவருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. ரயில் நிதானமாகத்தான் வரும். மாலை வெயில் இதமாக இருந்தால் ஜேபெக்கே அழகாக வரும். குடும்பத்தோடு அரியமான் கடற்கரைக்குப் போய் எடுக்கும் படங்களுக்கும் ரா எதற்கு என்றுதான் கேட்பேன். திருத்த நேரம் இல்லாமல் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் ஆயிரம் ராவைவிட, அன்றைக்கே எல்லோரும் பார்த்த ஐம்பது ஜேபெக் மேல்.

ஜேபெக் எடுப்பதென்றால் இந்த வெயிலுக்கு ஏற்ற மாதிரி கேமராவைத் தயார்செய்துகொண்டு இறங்குங்கள். அளவு ஃபைன். பாணியில் விவிட், லேண்ட்ஸ்கேப் வேண்டாம். ஸ்டாண்டர்டு அல்லது நியூட்ரல். நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், சோனியில் டிஆர்ஓ என்று ஒரு வசதி இருக்கும். ஜேபெக் தயாரிக்கும்போதே நிழலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். நடுப்பகலில் அதைப் போட்டு வைக்கலாம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் வெயில் அடையாளத்தில் நிறுத்தினால் கடலின் நிறம் படத்துக்குப் படம் மாறாது.

ராவுக்குக் கொடுக்க வேண்டிய விலை

24 மெகாபிக்சல், 14 பிட் என்றால் எந்தச் சுருக்கமும் இல்லாமல் ஒரு படத்துக்கு 42 எம்பி. இழப்பில்லாமல் சுருக்கும் முறையில் ஏறக்குறைய 30 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அதே கேமராவின் ஃபைன் ஜேபெக் 10 எம்பி சுமாருக்கு வரும். கல்யாணம் ஒன்றுக்கு மூவாயிரம் படம் என்றால் ராவில் 90 ஜிபி, ஜேபெக்கில் 30 ஜிபி. அதற்கு ஒரு பேக்கப் காப்பியும் வேண்டும். மாதத்துக்கு நாலு கல்யாணம் எடுக்கிறவர் டிஸ்க் செலவைக் கூலியில் சேர்க்காவிட்டால் கையைக் கடிக்கும்.

இந்தக் கரையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கார்டு சீக்கிரம் நிறைந்தால் வெளியில் வைத்தே மாற்ற வேண்டி வரும். பெண்கடலும் (பாக் நீரிணை) ஆண்கடலும் (மன்னார் வளைகுடா) சேரும் அரிச்சல்முனையில் காற்று வாரி இறைக்கும் மணலுக்கு நடுவே கார்டு மூடியைத் திறப்பது கேமராவுக்கு நல்லதல்ல. ரா எடுக்கப் போகிறவர் பெரிய கார்டாகவே போட்டுக்கொண்டு போவது உத்தமம்.

பிறகு நேரம். ராவை முதன்முதலாகத் திறக்கிறவர் ஏமாந்துபோவார். கேமரா திரையில் பளபளவென்று இருந்த படம் இங்கே சோர்ந்து, நிறம் வெளிறி, மொழுக்கென்று நிற்கும். கேமரா செய்து கொடுத்த வேலையை இப்போது நாம் செய்ய வேண்டும் என்பதால் அப்படி. ராவைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், வேலையில் குறை இல்லை. ராவுக்கு ஒரு நீண்ட கால லாபமும் உண்டு. ராவைப் படமாக்கும் மென்பொருள்கள் வருடத்துக்கு வருடம் தேறி வருகின்றன. பத்து வருடத்துக்கு முந்தைய ராவை இன்றைய நாய்ஸ் நீக்கும் கருவியில் போட்டால் அன்றைக்குக் கிடைத்ததைவிடச் சுத்தமான படம் கிடைக்கிறது. எடுத்து வைத்த எண்கள் அதேதான், சமைக்கும் கை தேறியிருக்கிறது.

யார் சொல்வதையும் நம்பாமல் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ரா பிளஸ் ஜேபெக்கில் வையுங்கள். பகல் பதினோரு மணிக்கு வெள்ளையும் கறுப்பும் ஒரே ஃபிரேமில் வரும் இடமாகப் பாருங்கள்: உப்புக் குவியலும் அதன் நிழலில் கிடக்கும் கூடையும், அல்லது வெள்ளை மணலும் கறுப்புப் படகின் அடிப்பக்கமும். வெள்ளை எரியாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து ஒன்று எடுங்கள். இரண்டு ஃபைலையும் ஒரே மென்பொருளில் திறந்து எக்ஸ்போஷரை மூன்று ஸ்டாப் தூக்குங்கள். படகின் அடியில் அடித்த பெயின்ட் உரிந்து மரத்தின் நரம்பு தெரிவது ஒன்றில் வரும், இன்னொன்றில் வராது. அடுத்து அதே இடத்தில் மாலை ஐந்து மணிக்கு ஒன்று எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எது எது என்று உங்களுக்கே அடையாளம் தெரியாது. எந்த நேரத்தில் எதற்கு மாற வேண்டும் என்பது அதில் புரிந்துவிடும். சில மாதம் இரட்டையாக எடுத்துப் பழகியபின், காலம் முழுக்க அப்படியே இரண்டையும் சேர்த்துச் சேமிப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை; கார்டும் சீக்கிரம் நிறையும், படம் பொறுக்கும்போது தலைவலியும் கூட.

பாசி எடுக்கிற பெண்களையும் உப்பள வேலைக்காரர்களையும் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு காலையிலிருந்து தண்ணீரில் கிடக்கிறவர்கள் அவர்கள். ‘எடுத்துக்கவா அக்கா’ என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். மன்னார் வளைகுடாவின் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே இறங்க வனத்துறை அனுமதி வேண்டும்.

போன் வைத்திருப்பவர்களுக்கு

போனில் கணக்கு வேறு மாதிரி. போன் கேமரா ஒரு தடவை தட்டினால் பல ஃபிரேம்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கி, எரிந்த வானத்தையும் இருண்ட முகத்தையும் சமன்செய்து ஜேபெக்காகவோ, ஐபோனில் ஹெச்இஐசி என்ற இன்னொரு சுருக்க வகையாகவோ தருகிறது. போனின் ‘புரோ’ மோடில் எடுக்கும் சாதாரண டிஎன்ஜி ரா பெரும்பாலும் ஒரே ஃபிரேம்தான். அதனால் உப்பளத்தில் போனின் ரா, போனின் ஜேபெக்கைவிட மோசமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. ஆப்பிள் 2020இல் ஐபோன் 12 புரோவோடு கொண்டுவந்த புரோரா, அடுக்கிச் சேர்த்த படத்தையே திருத்த இடம் விட்டுத் தருகிறது. ஃபைல் 25 எம்பி அளவுக்கு வீங்கும். ஆண்ட்ராய்டில் டிஎன்ஜி எடுத்தால் ஸ்னாப்சீட் ஆப்பில் திறந்து திருத்தலாம். போனில் எடுக்கிறவர் விடிகாலை, அந்தி வானத்தைத் தவிர மற்ற நேரம் ராவுக்கு மெனக்கெட வேண்டாம் என்பது என் எண்ணம்.

எதில் எடுத்தாலும் கடைசியில் வாட்ஸ்அப்பில்தான் போகிறது. படமாகவே அனுப்பினால் அது அளவைக் குறைத்து மறுபடி ஒரு தடவை சுருக்கிவிடும்; மேலே சொன்ன அத்தனை படிகளும் அங்கே காற்றில் போகும். பிரின்ட் கடைக்கோ ஆல்பம் டிசைனருக்கோ அனுப்புவதாக இருந்தால் ‘டாக்குமென்ட்’ என்று போட்டு அனுப்புங்கள், ஃபைல் அப்படியே போய்ச் சேரும்.